கிட் மாட்டுவதற்கு முன் டேங்கைப் பாருங்கள்

வண்டிக்குக் 'கிட்' போடலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் இரண்டு வகை. அப்பா விட்டுப்போன ஆர்.எக்ஸ். 100-ஐயோ தாத்தாவின் புல்லட்டையோ தூசி தட்டி எடுத்து, அதை இன்னும் வேகமாக ஓட வைக்கத் துடிக்கும் இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் ஒரு வகை. காலை நடைக்கு வரும் என் வயதுக்காரர்கள் இன்னொரு வகை. அவர்களுக்கு வேகம் வேண்டாம். "எத்தனால் பெட்ரோலுக்குத் தாங்குற மாதிரி ஏதோ கிட் வருதாமே சார், வாங்கிப் போட்டுடலாமா?" என்பதுதான் அவர்கள் கவலை.

கேள்வி வேறு வேறு. ஆனால் இரண்டு பேரிடமும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்கள் டேங்கில் என்ன இருக்கிறது? எப்போதிலிருந்து இருக்கிறது?

விமானப்படையில் எஞ்ஜின் வேலை பார்த்தவனுக்கு இந்தக் கேள்வி பழக்கதோஷம். காலையில் முதல் பறத்தலுக்கு முன் டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எரிபொருளைக் கண்ணாடி ஜாடியில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்போம். தண்ணீர் இருந்தால் அடியில் முத்து மாதிரி உருண்டு உட்கார்ந்திருக்கும். அதைப் பார்க்காமல் எஞ்ஜினைத் தொட மாட்டோம். வெளியே வந்த பிறகு பார்த்தால், லட்ச ரூபாய் கொடுத்து வண்டி வாங்குகிறவர்கள் அதில் ஊற்றுவதை ஒருநாளும் கண்ணால் பார்ப்பதில்லை.

முதலில் வேகக்காரர்களின் கதை. இந்தக் கிட்டுகளில் மந்திரம் எதுவும் கிடையாது. ஆர்.எக்ஸ். 100-ல் சிலிண்டர் விட்டம் 50 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் 50. கணக்குப் போட்டால் 98 சி.சி. அதன் தம்பியான ஆர்.எக்ஸ். 135-ன் விட்டம் 58. ஏறி இறங்கும் தூரம் அதேதான், 132 சி.சி. ஆகவே 135-ன் பிளாக்கைக் கழற்றி 100-ல் மாட்டுவது நம் ஊர் மெக்கானிக்குகளுக்குக் கைவந்த கலை. புல்லட்டிலும் இதே கதைதான். 350 என்கிறோமே, அதன் விட்டம் 70, தூரம் 90, ஆக 346 சி.சி. விட்டத்தை 87 ஆக்கினால் 535. திருவொற்றியூர் கம்பெனியே அப்படி 'லைட்னிங்' என்று ஒரு வண்டியை விற்றது.

ஆனால் கம்பெனி செய்தால் அதற்கேற்பக் கார்பரேட்டர், கிளட்ச், பிரேக் எல்லாவற்றையும் யோசித்துச் செய்யும். நம் பிள்ளைகள் பிளாக்கை மட்டும் மாற்றுகிறார்கள். 50-ஐ 58 ஆக்கினால் பிஸ்டனின் பரப்பு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. எரிவதும் சூடும் கூடுகின்றன. கீழே இருக்கும் கிராங்க்கும் பேரிங்கும் பழையவை, அதுவும் முப்பது வருஷம் ஓடித் தேய்ந்தவை. ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூர் சிக்னலில் மே மாத மதியம் பத்து நிமிஷம் நின்றால் அந்த எஞ்ஜினுக்குக் காற்று எங்கிருந்து வரும்?

என் அண்ணன் மகன் ஒருவன் இருக்கிறான். "135 பிளாக் போட்டா பறக்கும் சித்தப்பா" என்றான். பறப்பது சரி, இறங்குவது எங்கே என்று கேட்டேன். அவனுக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். அந்த வேலைக்கு உரிய இடம் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம். ஒரு காலத்தில் சோழவரம். அங்கே போட்டி முடிந்ததும் எஞ்ஜினைப் பிரித்துப் போட்டுப் பார்ப்பார்கள். ஊற்றும் பெட்ரோல் என்ன என்பது தெரியும், அதற்கேற்ப ஜெட் மாற்றுவார்கள். தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய்வரும் வண்டிக்கு அந்தச் சீராட்டல் யார் செய்வது?

சட்டமும் இருக்கிறது, அதைப் பிள்ளைகள் காதில் போட்டுக்கொள்வதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரன் முதலில் தேடுவதும் இதைத்தான். பதினைந்து வருஷம் தாண்டிய வண்டியை மறுபதிவுக்குக் கொண்டு போகும்போது எஞ்ஜினைப் பார்த்து ஒருவர் புருவத்தை உயர்த்தினால் அன்றைய பொழுது போச்சு.

சரி, இதெல்லாம் இருக்கட்டும். கிட்டைவிடப் பெரிய விஷயம் பெட்ரோல். அதற்கு வருகிறேன்.

நம் தலைமுறை பெட்ரோலின் பல அவதாரங்களைப் பார்த்தது. 87 ஆக்டேன், 93 ஆக்டேன் என்று இரண்டு விதம் விற்றார்கள். இரண்டிலும் ஈயம் கலந்திருந்தது. ஸ்கூட்டர்காரர்கள் லிட்டருக்கு 20 மில்லி ஆயிலைச் சேர்த்து வாங்குவோம். போதாக்குறைக்கு மண்ணெண்ணெய். ரேஷன் மண்ணெண்ணெய் மலிவு, பெட்ரோல் விலை அதிகம், நடுவில் நிற்பவனுக்கு லாபம். நீலச் சாயம் போட்டுப் பார்த்தார்கள், நிற்கவில்லை. வண்டி மேடேறும்போது 'டக் டக்' என்று தட்டும், சைலன்சர் அடைக்கும், பின்னால் வருகிறவர் முகம் கருக்கும். இதைச் சாதாரணக் குற்றமாக நினைக்க வேண்டாம். 2005 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் மஞ்சுநாத் என்ற இளம் இந்தியன் ஆயில் அதிகாரி, கலப்படப் பங்க்கை விடாமல் பிடித்ததற்காகச் சுட்டுக் கொல்லப்பட்டார். கர்நாடகத்துப் பையன், 27 வயது.

அந்தக் காலத்தோடு ஒப்பிட்டால் இன்றைய பெட்ரோல் எவ்வளவோ சுத்தம். ஈயம் இல்லை, கந்தகம் குறைவு. அதை ஒப்புக்கொள்ளாமல் மேலே எழுதினால் நான் வெறும் புலம்பல் கிழவன் ஆகிவிடுவேன்.

இப்போது வந்திருப்பது கலப்படம் அல்ல, அரசே அறிவித்துச் செய்யும் கலப்பு. 2014-ல் நம் பெட்ரோலில் எத்தனால் ஒன்றரை சதவீதம். 2022 ஜூனில் 10 சதவீதம். 20 சதவீதம் என்ற இலக்கை முதலில் 2030-க்கு வைத்திருந்தார்கள், பிறகு 2025-க்கு இழுத்தார்கள், 2025-ல் எட்டியும் விட்டார்கள். இதன் நியாயம் எனக்குப் புரிகிறது. கச்சா எண்ணெய்க்குக் கொட்டும் அந்நியச் செலாவணி குறையும். கரும்பு போடுகிறவனுக்குப் பணம் சீக்கிரம் வரும். செங்கல்பட்டு தாண்டிப் படாளம் சர்க்கரை ஆலைப் பக்கம் கரும்பு லாரிகள் வரிசையில் நிற்பதைப் பார்த்தவர்கள் இதை லேசாகச் சொல்ல மாட்டார்கள். (அரிசியிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் எத்தனால் எடுக்கிறார்கள் என்பது எனக்கு உறுத்துகிறது. அதைத் தனியாக எழுத வேண்டும்.)

எஞ்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும், ஏனென்றால் ஆக்சிஜனை அது தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. கம்ப்யூட்டர் வைத்த புதிய வண்டி, புகைக்குழாயில் உள்ள சென்சார் சொல்வதைக் கேட்டு, எரிபொருளைக் கூட்டிக்கொள்ளும். பழைய கார்பரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. அதில் இருப்பது ஒரு பித்தளை ஜெட், அதில் ஒரு துளை, அவ்வளவுதான். பழைய பெட்ரோலுக்கு விட்ட அளவையே இதற்கும் விடும். விளைவு, காற்று அதிகம், எரிபொருள் குறைவு. இதை மெக்கானிக்குகள் 'லீன்' என்பார்கள். பிளக்கைக் கழற்றினால் பழுப்பாக இருக்க வேண்டியது வெளுத்திருக்கும். எஞ்ஜின் சூடாகும். காலையில் நாலு உதை கூடுதலாக உதைக்க வேண்டியிருக்கும்.

இப்போது அந்த 135 பிளாக்கை நினைத்துப் பாருங்கள். ஏற்கெனவே சூடு அதிகம், எரிபொருள் தேவை அதிகம். அதன்மேல் இந்த லீன். டூ ஸ்ட்ரோக் எஞ்ஜினில் பிஸ்டன் பிடித்துக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பின்சக்கரம் சட்டென்று நிற்கும். ஓட்டுகிறவன் கிளட்சைப் பிடிக்கத் தவறினால் கீழே போவான். பின்னால் மாநகரப் பேருந்து வந்துகொண்டிருக்கும். என் எதிர்ப்பு பிள்ளைகளின் ஆசைக்கு அல்ல, இந்த ஒரு நொடிக்கு.

மைலேஜ் விஷயத்தில் வதந்திகள் அதிகம். பாதியாகிவிட்டது என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வருகிறது. எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. ஆகவே இருபது சதவீதம் கலந்தால் எவ்வளவு குறையும் என்பதை எட்டாம் வகுப்புக் கணக்கில் போட்டுவிடலாம், ஆறு ஏழு சதவீதத்தைத் தாண்டாது. நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட திட்ட அறிக்கையிலேயே, பழைய வடிவமைப்பு இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதம், கார்களில் 6 முதல் 7 சதவீதம் என்று எழுதியிருக்கிறார்கள். 45 கொடுத்த வண்டி 43 கொடுக்கும். 30-க்கு இறங்கினால் அது எத்தனால் அல்ல, மெக்கானிக்கைப் பாருங்கள்.

நம்மைப் போன்றவர்களுக்கு உண்மையான தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. நாம் வண்டியை ஓட்டுவதைவிட நிறுத்தி வைப்பதுதான் அதிகம். வாரத்துக்கு இரண்டு நாள் கோவில், ஒருநாள் பேங்க், ரேஷன் கடை. ஒரு லிட்டர் மூன்று வாரம் வரும். பெண் பிரசவத்துக்கு, பையன் வீட்டுக்கு என்று வெளிநாடு போனால் ஆறு மாதம் வண்டி படிக்கட்டுக்கு அடியில். எத்தனாலுக்குத் தண்ணீரைக் கண்டால் விடாது, இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். காற்றில் இருக்கும் ஈரத்தை மட்டும் குடித்துக் கெடுவதற்கு நெடுநாள் பிடிக்கும். ஆனால் ரப்பர் காய்ந்துபோன டேங்க் மூடி வழியாக ஐப்பசி மழை உள்ளே இறங்கினால் நாளெல்லாம் தேவையில்லை. ஓரளவு வரை தண்ணீர் எத்தனாலோடு கலந்து பேசாமல் இருக்கும். அளவு மீறியதும் இரண்டும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டேங்கின் அடிக்குப் போய்விடும்.

பழைய சேத்தக்கில் பெட்ரோல் குழாய் டேங்கின் அடியில் கொஞ்சம் உயரத்தில் நிற்கும். ரிசர்வ் போட்டால்தான் அடிமட்டத்திலிருந்து எடுக்கும். அதனால் மெயினில் ஒழுங்காக ஓடிய வண்டி, ரிசர்வ் திருப்பியதும் நின்றுபோகும். இன்னொன்று. நாம் கலந்த ஆயில் பெட்ரோலோடு மேலேதான் தங்கும், அடியில் பிரிந்த தண்ணீர்-எத்தனாலில் ஆயில் இருக்காது. அதைக் குடித்து ஓடும் டூ ஸ்ட்ரோக் எஞ்ஜின் எண்ணெய் இல்லாமல் ஓடுகிறது என்று அர்த்தம். 2015 வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் இருந்தவர்களுக்கு வண்டிக்குள் தண்ணீர் என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. அன்று சாதாரணப் பெட்ரோலில் தண்ணீர் தனியாக நின்றது, இறக்கிவிட்டோம். கலந்த பிறகு பிரியும் இது அதைவிடப் பொல்லாதது, தொடக்கத்தில் கண்ணுக்கே தெரியாது.

அடுத்தது ரப்பர். பழைய வண்டிகளின் பெட்ரோல் டியூப், கார்பரேட்டர் ஓ-ரிங், ஃப்ளோட் நீடில் முனையில் இருக்கும் ரப்பர், பெட்ரோல் டேப்பின் வாஷர் எல்லாம் எத்தனாலை நினைத்துச் செய்தவை அல்ல. உப்பும், இளகும், அல்லது வெடிக்கும். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் இவை தாங்கும் பொருளில் செய்யப்பட்டிருக்கின்றன. அதற்கு முந்தைய ஆக்டிவா, ஸ்கூட்டி பெப், டி.வி.எஸ். 50 வைத்திருப்பவர்கள் வண்டி நிற்கும் இடத்தில் பெட்ரோல் வாசனை வருகிறதா என்று கவனியுங்கள். மூடிய வராண்டாவில், பூஜையறை விளக்குக்குப் பக்கத்தில் நிறுத்துகிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே நடைத் தோழர்களின் கேள்விக்கு என் பதில். நான் ஒப்புக்கொள்ளும் 'கிட்' இந்த ரப்பர் சாமான்கள் மட்டும்தான். விட்டான் ரப்பரில் செய்த ஓ-ரிங்கும் நல்ல டியூபும் எத்தனாலுக்கு அசையாது. புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவி, மெயின் ஜெட்டை ஓர் அளவு கூட்டி, பிளக்கின் நிறத்தைப் பார்த்துச் சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக் கிடைத்தால் அவரை விடாதீர்கள், அந்த வித்தை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். டேங்கில் சொட்டு ஊற்றினால் எத்தனால் ஓடிவிடும் என்று விற்கும் பாட்டில்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள். கலந்த எத்தனாலை எந்தச் சொட்டும் வெளியே எடுக்காது. 100 ஆக்டேன் பெட்ரோலும் அப்படித்தான். 2020-ல் அது வந்தபோதே லிட்டர் 160 ரூபாய். அதன் ஆக்டேன், அழுத்தம் அதிகமுள்ள பெரிய எஞ்ஜின்களுக்கு. நம் புல்லட்டுக்கும் சேத்தக்குக்கும் அதை ஊற்றுவது, கஞ்சி குடிப்பவனுக்குப் பாதாம் அல்வா வாங்கிக் கொடுப்பது.

ஊருக்குப் போகுமுன் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, எஞ்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கார்பரேட்டர் கிண்ணம் காலியாகும். மாதக் கணக்கில் போவதாக இருந்தால் டேங்கையும் காலி செய்து பக்கத்து வீட்டுப் பையன் வண்டிக்குக் கொடுத்துவிடுங்கள். கெட்டுப்போவதற்கு அவன் ஓட்டித் தீர்க்கட்டும்.

இத்தனையும் நாம் செய்துகொள்வது. அரசும் எண்ணெய் நிறுவனங்களும் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். குழாயில் வருவது எத்தனை சதவீதம் என்று குழாயிலேயே எல்லோரும் படிக்கிற அளவு எழுத்தில் எழுதுங்கள், தமிழிலும் எழுதுங்கள். பழைய வண்டிக்குக் குறைந்த கலப்புள்ள பெட்ரோலை ஒரு குழாயில், ஊருக்கு நாலு பங்க்கிலாவது வையுங்கள். இந்தக் கோரிக்கையோடு போன பொதுநல வழக்கை 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. நீதிமன்றம் கட்டளையிடவில்லை என்பதால் நிறுவனங்கள் தாமாகச் செய்யக் கூடாது என்று இல்லையே.

செய்ய முடியாத காரியமும் அல்ல, நாமே செய்திருக்கிறோம். ஈயமில்லாப் பெட்ரோல் 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களுக்கு வந்தபோது, ஈயம் கலந்ததும் பக்கத்திலேயே விற்றது. எது எந்த வண்டிக்கு என்று சொல்லி விற்றார்கள். நாடு முழுவதும் ஈயம் போனது 2000 பிப்ரவரியில். ஐந்து வருஷ அவகாசம் கொடுத்தார்கள், வண்டிகளும் மாறின, யாருக்கும் வயிற்றெரிச்சல் இல்லை.

பிரேசிலைக் காட்டிப் பேசுகிறார்கள். அங்கே இப்போது 30 சதவீதம்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே அது ஐம்பது வருஷப் பழக்கம், எதை ஊற்றினாலும் ஓடும் கார்கள் 2003 முதலே விற்கின்றன, பங்க்கில் பெட்ரோலும் தனி எத்தனாலும் பக்கத்துப் பக்கத்துக் குழாயில் வரும். அமெரிக்காவில் 15 சதவீதக் கலப்பு விற்கும் குழாயில் ஆரஞ்சு நிறச் சீட்டு ஒட்டியிருக்கும். உங்கள் பிள்ளைகளைப் பார்க்கப் போகும்போது கவனியுங்கள். 2001-க்கு முந்தைய கார், மோட்டார் சைக்கிள், படகு, பனிமேல் ஓட்டும் ஸ்னோமொபைல், புல்வெட்டி எதற்கும் இதை ஊற்றாதே என்பது சட்டம். ஸ்னோமொபைல் கோடை முழுவதும் கொட்டகையில் நிற்கும், நம் சேத்தக் படிக்கட்டுக்கு அடியில் நிற்பது மாதிரி. வெறும் 15 சதவீதத்துக்கே அங்கே அவ்வளவு எச்சரிக்கை.

அதுவரை, உங்களுக்கு இருக்கும் உரிமையையாவது பயன்படுத்துங்கள். எந்தப் பங்க்கிலும் ஃபில்டர் பேப்பர் கேட்கலாம். குழாய் முனையைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு விட்டால் இரண்டு நிமிஷத்தில் கறையில்லாமல் ஆவியாக வேண்டும். அடர்த்தி பார்க்கச் சொல்லலாம். அன்றைய பதிவேட்டில் உள்ள எண்ணுக்கும் நீங்கள் பார்ப்பதற்கும் மூன்று புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. அளவில் சந்தேகம் வந்தால் முத்திரை வைத்த ஐந்து லிட்டர் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். நான் கேட்கிறேன். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், குழாய் பிடிக்கும் தம்பி "என்ன பெருசு" என்கிற மாதிரி பார்ப்பான். ஒருமுறை எனக்குப் பின்னால் நின்ற ஆட்டோக்காரர் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி வந்து, "அந்தப் பேப்பர எனக்கும் ஒண்ணு குடுப்பா" என்றார்.